நோயாளி திருப்தி ஆய்வு: முதல்முறையாகப் படிவத்தைக் கையில் எடுப்பவர்களுக்கு

நர்சிங் கல்லூரியில் புராஜெக்ட் கொடுத்திருப்பார்கள். அல்லது மாவட்டத் தலைமை மருத்துவமனையின் தரப் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருப்பீர்கள். அல்லது உங்கள் தனியார் ஆஸ்பத்திரி என்.ஏ.பி.ஹெச். எனும் தேசிய மருத்துவமனைத் தரச் சான்றுக்குத் தயாராகிறது, அந்த வேலை உங்கள் மேசைக்கு வந்திருக்கும். எப்படி வந்தாலும், கையில் ஒரு கட்டுப் படிவத்தைக் கொடுத்து, "பேஷண்ட்டெல்லாம் திருப்தியா இருக்காங்களான்னு கேட்டுட்டு வாங்க" என்று வார்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள்.

அப்படியே போய்க் கேட்டால் கிட்டத்தட்ட எல்லாரும் திருப்தி என்றுதான் சொல்வார்கள். படுக்கையில் இருப்பவர், தன்னைப் பார்த்துக்கொள்கிற இடத்தைப் பற்றி அந்த இடத்திலேயே வைத்து வேறென்ன சொல்வார்? அந்தப் பதிலைக் கூட்டி வகுத்து சதவீதம் போட்டு ஃபைலில் வைத்தால் யாருக்கும் ஒரு பிரயோஜனமும் இல்லை. திருப்தியா என்று கேட்பதை விட்டுவிட்டு, என்ன நடந்தது என்று கேட்க வேண்டும். கீழே உள்ள ஒவ்வொரு படியும் அதற்காகத்தான்.

எதை அளக்கப் போகிறீர்கள்?

மருத்துவத் தரம் என்ற பேச்சை எடுத்தால் அவெடிஸ் டொனபெடியனிடமிருந்துதான் தொடங்க வேண்டும். பெய்ரூட்டில் பிறந்து, அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் பணியாற்றியவர். ஓர் ஆஸ்பத்திரியின் தரத்தை மூன்று இடங்களில் பார்க்கலாம் என்று 1966-ல் எழுதினார்: அங்கே என்ன வசதி இருக்கிறது, வேலை எப்படி நடக்கிறது, கடைசியில் நோயாளிக்கு என்ன பலன் கிடைத்தது. கட்டில், டாக்டர், மருந்து எல்லாம் முதலாவதில் வரும். கை கழுவிவிட்டுத் தொட்டார்களா, சொன்ன நேரத்துக்கு ஊசி போட்டார்களா என்பதெல்லாம் இரண்டாவது. காயம் ஆறியதா, ஆள் நல்லபடி வீடு போய்ச் சேர்ந்தாரா என்பது மூன்றாவது. நோயாளியின் திருப்தியையும் அவர் பலன்களில் ஒன்றாகவே எண்ணினார்.

புதிதாக வருபவர்கள் ஒரு விஷயத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நோயாளிக்குத் தெரிவதும் உண்டு, தெரியாததும் உண்டு. ஆன்டிபயாடிக் சரியான அளவா, ஆபரேஷன் கருவிகளை முறையாக ஸ்டெரிலைஸ் செய்தார்களா என்பது அவருக்குத் தெரியாது. கூப்பிட்டபோது சிஸ்டர் வந்தாரா, டாக்டர் முகம் பார்த்துப் பேசினாரா, இரவில் தூங்க முடிந்ததா என்பதை அவரைத் தவிர வேறு யாராலும் சொல்ல முடியாது. அவர் ஒருவர்தான் சாட்சி என்கிற விஷயங்களை அவரிடம் கேளுங்கள். மற்றதை கேஸ் ஷீட்டில் தேடுங்கள்.

இதைக் கலந்துவிட்டால் கெடுதலும் உண்டு. சளிக் காய்ச்சலுக்கு ஊசி போடாமல் அனுப்பும் டாக்டர் சரியாகத்தான் செய்கிறார். ஆனால் "ஒரு ஊசிகூட போடல" என்று முகம் சுளித்துக்கொண்டு வெளியே வருபவர்கள் நம் ஊரில் ஏராளம். கேட்டதற்கெல்லாம் டிரிப்ஸ் ஏற்றுகிற டாக்டருக்கு நல்ல மார்க் விழும். திருப்தி மார்க்கை மட்டும் வைத்து டாக்டர்களைத் தரவரிசைப்படுத்தாதீர்கள். அப்படிச் செய்யச் சொன்னால் ஏன் கூடாது என்று இதைச் சொல்லியே மறுக்கலாம்.

எதிர்பார்ப்பும் மார்க்கை ஆட்டிவைக்கும். 1988-ல் பரசுராமன், ஜெய்தாம்ல், பெர்ரி என்ற மூவர் 'செர்வ்குவால்' என்ற 22 கேள்விகள் கொண்ட அளவுகோலை வெளியிட்டார்கள். பரசுராமன் சென்னை ஐ.ஐ.டி.யில் படித்தவர். கண்ணுக்குத் தெரியும் வசதி, சொன்னதைச் செய்தல், கேட்டதும் உதவுதல், நம்பிக்கை தருதல், அக்கறை என்று சேவையை ஐந்தாகப் பிரித்து, எதிர்பார்த்தது எவ்வளவு, கிடைத்தது எவ்வளவு என்று இரண்டு முறை கேட்டு வித்தியாசத்தைப் பார்ப்பது அவர்கள் வழி. நல்ல யோசனை. ஆனால் களைத்துப்போய் உட்கார்ந்திருக்கும் ஒருவரிடம் 44 முறை பதில் வாங்குவது நியாயமில்லை. கிடைத்ததை மட்டும் கேட்டாலே போதும் என்று க்ரோனினும் டெய்லரும் 1992-ல் வாதிட்டார்கள். முதல் ஆய்வுக்கு நீங்களும் அப்படியே செய்யுங்கள். ஆனால் தனியாரில் நகையை அடகு வைத்துச் செலவழித்துவிட்டுக் கடைசியில் ஜிஹெச்சுக்கு வந்தவர், கட்டில் கிடைத்ததற்கே முழு மார்க் போடுவார் என்பது நினைவில் இருக்கட்டும்.

அரசு மருத்துவமனையில் இருந்தால் இந்த வேலை எங்கிருந்து வருகிறது என்றும் தெரிந்துகொள்ளுங்கள். மத்திய சுகாதாரத் துறையின் தேசியத் தர உறுதித் தரநிலைகள் 2013-ல் வந்தன. எல்லாரும் என்.க்யூ.ஏ.எஸ். என்றே சொல்வார்கள். அதில் எட்டுப் பகுதிகள். நோயாளி உரிமை ஒரு பகுதி, தர மேலாண்மை இன்னொன்று. நோயாளிகளின் திருப்தியையும் ஊழியர்களின் திருப்தியையும் அவ்வப்போது அளந்து, அதன்மேல் நடவடிக்கை எடுப்பது இந்தத் தர மேலாண்மையில் வருகிறது. 2016-ல் தொடங்கிய 'மேரா அஸ்பதால்' திட்டத்தில் எஸ்.எம்.எஸ்., போன் அழைப்பு, செயலி, இணையதளம் வழியாகவும் கருத்து வாங்குகிறார்கள். அது ஒரு பக்கம் நடக்கட்டும். ஓபி சீட்டில் பலர் கொடுப்பது மகன் நம்பர் அல்லது பக்கத்து வீட்டு நம்பர். நேரில் கேட்பதற்கு அது ஈடாகாது.

அனுமதி

கண்காணிப்பாளரிடமோ டீனிடமோ எழுத்தில் வாங்குங்கள், ஆர்.எம்.ஓ.வுக்கும் (நிலைய மருத்துவ அலுவலர்) நர்சிங் சூப்பரின்டெண்டென்ட்டுக்கும் நகல் கொடுங்கள். பட்டப்படிப்புக்கான ஆய்வு, அல்லது வெளியிடப் போகிறீர்கள் என்றால் கல்லூரியின் நெறிமுறைக் குழு ஒப்புதலும் வேண்டும். ஐ.சி.எம்.ஆர். எனும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 நெறிமுறைகளைத்தான் அந்தக் குழு வைத்துப் பார்க்கும். கேள்வித்தாளையும், நோயாளியிடம் வாசிக்கப் போகும் சம்மத வாசகத்தையும் தமிழிலேயே இணைத்துக் கொடுத்துவிடுங்கள்.

வார்டு சிஸ்டரைத் தனியாகப் பார்த்து, என்ன செய்யப் போகிறீர்கள் என்று சொல்லுங்கள். எந்த ஆணையும் இதைக் கேட்காது; ஆனால் இதைச் செய்யாவிட்டால் ஆய்வு நடக்காது. தன் வார்டில் யாரோ வந்து குறை கேட்கிறார்கள் என்று நினைத்துவிட்டால் அவர் ஒத்துழைக்க மாட்டார், அதில் தப்பும் இல்லை. முடிவு வந்ததும் முதலில் அவருக்குத்தான் காட்டுவேன் என்று சொல்லுங்கள். சொன்னபடி செய்யவும் வேண்டும்.

யாரிடம், எத்தனை பேரிடம்

புராஜெக்ட் அறிக்கைகளில் 384 என்ற எண் அடிக்கடி கண்ணில் படும். எங்கிருந்து வருகிறது? பாதிப் பேர் திருப்தி என்று வைத்துக்கொண்டு, 95 சதவீத உறுதியோடு, 5 சதவீதப் பிழைக்குள் பதில் வேண்டும் என்றால், அந்த உறுதிக்கான எண்ணான 1.96-ன் வர்க்கத்தை 0.25-ஆல் பெருக்கி, 0.05-ன் வர்க்கத்தால் வகுத்தால் 384 வரும். உங்களுக்கு அந்தத் துல்லியம் தேவையா என்று முதலில் யோசியுங்கள். 100 பேரிடம் கேட்டால் பிழை மேலும் கீழும் 10 சதவீதம். 30 பேர் என்றால் சுமார் 18 சதவீதம். ஒரு வார்டில் என்ன சரியில்லை என்று கண்டுபிடிக்க 30 பேரே நிறையச் சொல்லிவிடுவார்கள். ஆனால் போன மாதம் 70 சதவீதம், இந்த மாதம் 76 சதவீதம், முன்னேறிவிட்டோம் என்று 30 பேரை வைத்துச் சொல்லக் கூடாது. அது ஆள் குறைவாக இருப்பதால் வரும் வெறும் ஏற்ற இறக்கம்.

எண்ணிக்கையைவிட ஆளைத் தேர்ந்தெடுப்பதில்தான் கவனம் வேண்டும். நன்றாகப் பேசுகிறவர், சிரித்த முகமாக இருக்கிறவர், சிஸ்டர் கைகாட்டுகிறவர் என்று போனால் எல்லாம் வீண். டிஸ்சார்ஜ் ரெஜிஸ்டரை எடுங்கள். மாதம் 600 பேர் டிஸ்சார்ஜ் ஆகிறார்கள், 60 பேர் வேண்டும் என்றால் ஒவ்வொரு பத்தாவது ஆள். முதல் ஆள் 1 முதல் 10-க்குள் யார் என்பதைச் சீட்டுக் குலுக்கி எடுங்கள். அந்த ஆள் மறுத்தால் மறுத்தார் என்று குறித்துக்கொண்டு அடுத்த பத்தாவது ஆளுக்குப் போங்கள். எத்தனை பேர் மறுத்தார்கள் என்பதும் அறிக்கையில் வர வேண்டும்.

ரெஜிஸ்டரில் இன்னொரு கூட்டம் இருக்கும்: சொந்தப் பொறுப்பில் கையெழுத்துப் போட்டுப் போனவர்கள், சொல்லாமல் போனவர்கள். அதிருப்தியோடு போனவர்களை இங்கேதான் தேட வேண்டும், ஆனால் பெரும்பாலும் இவர்கள் ஆய்வில் வருவதில்லை. அனுமதி கடிதத்திலேயே இதையும் கேட்டு வாங்கி, சிலரையாவது போனில் பிடித்துப் பேசுங்கள். இரவு பயந்து போனவர், துணைக்கு ஆள் இல்லாமல் போனவர், ஸ்கேனுக்கு நாலு நாள் காத்திருந்து போனவர் என்று காரணங்கள் வரும். கட்டிலில் இருப்பவர்களிடம் எத்தனை கேட்டாலும் இது கிடைக்காது.

கேள்விகள்

நேரம் முழுவதையும் இங்கே செலவழியுங்கள். ஆங்கிலப் படிவத்தை அப்படியே தமிழாக்கி வைத்திருப்பார்கள்: "செவிலியர்களின் பரிவுணர்வு தங்களுக்கு எவ்வளவு நிறைவளித்தது? மிகவும் நிறைவு, நிறைவு, நடுநிலை, நிறைவின்மை, மிகவும் நிறைவின்மை." அறுபது வயது அம்மாவிடம் இதை வாசித்தால், பாதியிலேயே தலையை ஆட்டி "நல்லா பாத்துக்கிறாங்க" என்பார். நீங்கள் "மிகவும் நிறைவு" கட்டத்தில் டிக் போடுவீர்கள். அந்த டிக்கில் ஒரு செய்தியும் இல்லை.

அமெரிக்க ஆஸ்பத்திரிகளில் எல்லாருக்கும் பொதுவாக ஒரு கேள்வித்தாள் இருக்கிறது, ஹெச்-கேப்ஸ் என்பார்கள். அதன் முடிவுகள் 2008 முதல் ஆஸ்பத்திரிவாரியாக மக்கள் பார்வைக்கு வருகின்றன. அதில் முக்கியமான கேள்விகள் திருப்தியைக் கேட்பதில்லை. நர்ஸ்கள் நீங்கள் சொன்னதைக் கவனமாகக் கேட்டார்களா, புது மருந்து தரும்முன் எதற்கு என்று சொன்னார்களா என்று கேட்டு, ஒருபோதும் இல்லை, சில சமயம், பெரும்பாலும், எப்போதும் என்று நாலே பதில் வைக்கிறார்கள். நமக்கும் இது நன்றாகப் பொருந்தும். என்ன நடந்தது என்று சொல்வது யாரையும் குறை சொல்வது ஆகாது. அதனால் மக்கள் தயங்காமல் சொல்வார்கள்.

நோயாளி வந்த வழியிலேயே கேள்விகளையும் கோத்துக்கொண்டு போங்கள். பேச்சுத் தமிழிலேயே எழுதிவையுங்கள், அப்போதுதான் ஆளுக்கு ஆள் கேள்வி மாறாது.

சேர்ந்த நாள்: "ஆஸ்பத்திரிக்கு வந்ததும் எங்க போகணும்னு யாராவது சொன்னாங்களா, நீங்களா விசாரிச்சுப் போனீங்களா?" "வந்ததுல இருந்து டாக்டர் பாக்குற வரைக்கும் எவ்வளவு நேரம் ஆச்சு?" "கட்டில் உடனே கிடைச்சுதா, கீழ பாய் போட்டுப் படுத்தீங்களா?"

வார்டில்: "டாக்டர் ரவுண்ட்ஸ் வந்தப்ப உங்ககிட்ட பேசினாங்களா, கூட வந்தவங்ககிட்ட மட்டும் பேசிட்டுப் போனாங்களா?" "உங்களுக்கு என்ன நோய்னு சொன்னாங்களா? என்ன சொன்னாங்க?" இந்த இரண்டாவது கேள்வியை விடாதீர்கள். சொன்னார்கள் என்பார், என்ன சொன்னார்கள் என்றால் "ஏதோ கட்டின்னாங்க" என்பார். முதல் பதிலை மட்டும் குறித்திருந்தால் மருத்துவர் விளக்குவதில் குறையே இல்லை என்று அறிக்கை எழுதியிருப்பீர்கள்.

இரவு: "ராத்திரி வலி வந்து கூப்பிட்டா யாராவது வந்தாங்களா? எவ்வளவு நேரத்துல?" "ராத்திரி தூங்க முடிஞ்சுதா?" பகலைப் பற்றி மட்டும் கேட்கும் படிவங்கள்தான் அதிகம். ஒரே சிஸ்டர் முழு வார்டையும் பார்க்கிற நேரத்தில்தான் குறைகள் வரும்.

பாத்ரூம்: "சுத்தமா இருந்துச்சா?" என்று மட்டும் கேட்காமல், "போய்வர்றதுல என்ன கஷ்டம்?" என்று கேளுங்கள். பெண்கள் வார்டில் உள்தாழ்ப்பாள் இல்லாத கதவு இருந்தால், ஒருத்தி உள்ளே போக, இன்னொருத்தி வெளியே கதவைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். துணைக்கு ஆள் இல்லாதவர் விடிவதற்குள் இருட்டிலேயே போய்வந்துவிட்டு நாள் முழுக்கத் தண்ணீர் குடிக்காமல் இருப்பார். பிரசவம் முடிந்த பெண் தண்ணீர் குடிக்காமல் இருந்தால் என்ன ஆகும் என்று நர்சிங் படிப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சுத்தத்துக்கு ஐந்துக்கு எத்தனை மார்க் என்று கேட்கும் படிவத்தில் ஒரு தாழ்ப்பாள் தலைகாட்டாது.

காசு: தயங்காமல் கேளுங்கள், ஆனால் குற்றம் சாட்டுவதுபோல வேண்டாம். "வந்ததுல இருந்து என்னென்னத்துக்கு எவ்வளவு செலவாச்சு?" என்று தொடங்கினால் பஸ், சாப்பாடு, வெளியே வாங்கின மருந்து என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டே வருவார்கள். வீல்சேர் தள்ளியவருக்குக் கொடுத்தது, குழந்தை பிறந்ததும் கொடுத்தது எல்லாம் அந்த வரிசையிலேயே தானாக வந்துவிடும்.

வீட்டுக்குப் போகும்போது: மாத்திரைக் கவரை எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். "இதை எப்ப சாப்பிடணும்? எதுக்கு இது?" பார்மசியில் கவர்மேல் பேனாவால் போட்ட கோடுகளைக் காட்டி, "இந்த வெள்ளை மாத்திரை காலைல, அந்தச் சிவப்பு… ராத்திரின்னு நெனைக்கிறேன்" என்பார்கள். இரண்டு வெள்ளை மாத்திரைகள் இருந்தால் அங்கேயே குழப்பம் தொடங்கிவிடும். டிஸ்சார்ஜ் சம்மரி ஆங்கிலத்தில் இருக்கும், வீட்டில் வாசிக்க ஆள் இருக்காது. சிகிச்சை முழுதும் நன்றாக நடந்திருந்தாலும் இந்த ஒரு இடத்தில் எல்லாம் கெட்டுப்போகலாம். அவர் தப்பாகச் சொன்னால் படிவத்தில் குறித்துக்கொண்டு, உடனே சிஸ்டரிடம் அழைத்துப் போய்ச் சரியாகச் சொல்லவையுங்கள். ஆய்வு கெட்டுவிடும் என்று சும்மா இருக்காதீர்கள்.

"இந்த ஆஸ்பத்திரியை மத்தவங்களுக்குச் சொல்வீங்களா?" என்ற கேள்வியைப் பல படிவங்களில் பார்க்கலாம். இங்கிலாந்தின் அரசு மருத்துவச் சேவையான என்.ஹெச்.எஸ். 2013-ல் இதே கேள்வியைக் கொண்டுவந்தது. பிறகு 2020-ல் அதை மாற்றி, எங்கள் சேவை உங்களுக்கு எப்படி இருந்தது என்று கேட்கத் தொடங்கியது. நம் அரசு மருத்துவமனைகளில் இந்தக் கேள்விக்கு இன்னும் அர்த்தம் குறைவு. வேறு எங்கும் போக வழியில்லாதவர், சொல்வேன் என்றுதான் சொல்வார்.

கடைசியில் ஒரு திறந்த கேள்வி, ஒன்றே ஒன்று: "உங்க தங்கச்சி நாளைக்கு இதே வார்டுல சேரப் போறாங்கன்னா, அவங்ககிட்ட என்ன சொல்லி அனுப்புவீங்க?" குறை சொல்லத் தயங்குகிறவர்களும் அறிவுரை சொல்லத் தயங்குவதில்லை. "போர்வை கொண்டு போ", "ராத்திரிக்கு ஃபிளாஸ்க்ல வெந்நீ வச்சுக்கோ", "அந்தச் சுருட்டை முடி சிஸ்டர் நல்லவங்க, அவங்ககிட்ட கேளு" என்று வரும். அந்த ஒவ்வொரு வரியும் வார்டைப் பற்றிய தகவல். சொன்னபடியே எழுதிக்கொள்ளுங்கள், உங்கள் நடைக்கு மாற்றாதீர்கள்.

எல்லாம் சேர்ந்து இருபது கேள்விக்குமேல் போக வேண்டாம். பத்துப் பேரிடம் கேட்டுப் பாருங்கள். "என்ன கேக்கிறீங்க?" என்று திருப்பிக் கேட்கும் கேள்வியை மாற்றுங்கள். எல்லாரும் ஒரே பதில் சொல்லும் கேள்வியைத் தூக்குங்கள். அந்தப் பத்துப் படிவத்தையும் கணக்கில் சேர்க்கக் கூடாது.

கேட்கப் போகும்போது

சீருடையில் போகாதீர்கள். வெள்ளைக் கோட்டைப் பார்த்தாலே பதில் மாறிவிடும். நர்சிங் மாணவிகள் தாங்கள் போஸ்டிங்கில் இருக்கும் வார்டைத் தவிர்த்து வேறு வார்டில் கேளுங்கள். காலையில் ஊசி போட்ட பெண் மாலையில் வந்து "ஊசி போடுறப்ப வலிச்சுதா, சொல்லிட்டுப் போட்டாங்களா" என்று கேட்டால் யார் உண்மை சொல்வார்கள்?

கட்டிலருகே வைத்துக் கேட்காதீர்கள். டிஸ்சார்ஜ் சம்மரி கைக்கு வந்து, மாத்திரை வாங்கி, ஆட்டோவுக்கோ பஸ்ஸுக்கோ காத்திருக்கும் நேரம்தான் நல்ல நேரம். இனி இவர்கள் கையில் நம் வைத்தியம் இல்லை என்ற நிம்மதி அப்போதுதான் வரும். வெயிலில் நிறுத்திவைத்துக் கேட்காமல், நிழலில் ஒரு பெஞ்சைப் பிடித்துக்கொள்ளுங்கள்; நீங்களும் உட்காருங்கள். வீட்டுக்குப் போனபிறகு கேட்டால் இன்னும் மனம்விட்டுப் பேசுவார்கள். ஹெச்-கேப்ஸில் டிஸ்சார்ஜ் ஆகி 48 மணி நேரமாவது கழித்துத்தான் தொடர்புகொள்கிறார்கள். போன் நம்பர் சரியாக இருக்கும் இடங்களில் நீங்களும் அப்படிச் செய்யலாம்.

தொடங்கும்போது இப்படிச் சொல்லலாம்: "வணக்கம்மா, நான் நர்சிங் காலேஜ்ல படிக்கிறேன். இங்க வைத்தியம் எப்படி நடந்துச்சுன்னு வீட்டுக்குப் போறவங்ககிட்ட கேட்டு எழுதுறேன். உங்க பேரு எழுத மாட்டேன். நீங்க சொன்னீங்கன்னு டாக்டருக்கோ சிஸ்டருக்கோ தெரியாது. வேண்டாம்னா வேண்டாம், அதனால உங்க மாத்திரையோ அடுத்த செக்கப்போ எதுவும் நிக்காது. பத்து நிமிஷம் ஆகும், கேக்கட்டுமா?" சொன்னபடியே பெயரையும் ஐ.பி. நம்பரையும் (உள்நோயாளி எண்) படிவத்தில் எழுதாதீர்கள். வார்டு, தேதி, வயது, ஆணா பெண்ணா என்பது போதும்.

பிரசவ வார்டில் கேள்வி மருமகளிடம் போகும், பதில் மாமியாரிடமிருந்து வரும். கோபப்படாமல் அவருடைய பதிலையும் எழுதிக்கொள்ளுங்கள், ஆனால் 'துணைக்கு இருந்தவர்' என்று தனியாகக் குறியுங்கள். பிறகு, "அம்மா, நீங்க குழந்தையைக் கொஞ்சம் பாத்துக்குங்க, அக்காகிட்ட ரெண்டு கேள்வி மட்டும்" என்று தனியே பேசப் பாருங்கள். பிரசவ நேரத்தில் யாராவது திட்டினார்களா, அடித்தார்களா என்ற கேள்வியைத் தனியாக இருக்கும்போது மட்டும்தான் கேட்க வேண்டும். அந்தப் பெண் அழத் தொடங்கினால் படிவத்தை மூடிவைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்திருங்கள். அந்தப் பேட்டி அதோடு முடியலாம், தப்பில்லை.

பதில் வரும்போது "அப்படியா!" என்று முகத்தைக் காட்டாதீர்கள், ஆஸ்பத்திரிக்கு வக்காலத்தும் வாங்காதீர்கள். "ஆள் பத்தல, அதான்" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் அதற்குப்பிறகு எல்லாம் நல்ல பதிலாகத்தான் வரும்.

லஞ்சம், கைவைத்தது, தவறான சிகிச்சை என்று பெரிய புகார் வந்தால் அது படிவத்துக்குள் அடங்கும் விஷயமில்லை. எங்கே புகார் செய்யலாம் என்று சொல்லுங்கள்: கண்காணிப்பாளர் அலுவலகம், சுகாதார உதவி எண் 104, முதல்வர் உதவி எண் 1100. புகார் கொடுப்பதா வேண்டாமா என்பதை அவரே முடிவு செய்யட்டும்.

எண்களை வாசிப்பது

எக்ஸெலில் ஏற்றி, சராசரி எடுத்து, 5-க்கு 4.2 என்று எழுதி முடித்துவிடுவது வழக்கம். ஒரு கணக்கைப் பாருங்கள். ஒரு வார்டில் 100 பேரில் 80 பேர் 5 கொடுக்கிறார்கள், 20 பேர் 1 கொடுக்கிறார்கள், சராசரி 4.2. இன்னொரு வார்டில் 80 பேர் 4, 20 பேர் 5, அதுவும் 4.2. முதல் வார்டில் ஐந்தில் ஒருவருக்கு மிக மோசமாக ஏதோ நடந்திருக்கிறது. சராசரி அதை முழுங்கிவிட்டது. அதனால் ஒவ்வொரு கேள்விக்கும் 'எப்போதும்' என்றவர்கள் எத்தனை சதவீதம், 'ஒருபோதும் இல்லை' என்றவர்கள் எத்தனை சதவீதம் என்று இரண்டையும் தனித்தனியாகக் காட்டுங்கள்.

அடுத்து, அந்த மோசமான பதில்கள் யாரிடமிருந்து வந்தன என்று பிரித்துப் பாருங்கள். இரவில் சேர்ந்தவர்களா? துணைக்கு ஆள் இல்லாதவர்களா? தமிழ் தெரியாத வடமாநிலத் தொழிலாளர்களா? திருப்பூர், கோவை, சென்னைப் பக்கம் இருந்தால் இந்தி தெரிந்த ஒருவரை வைத்து இவர்களிடமும் கட்டாயம் கேளுங்கள். இல்லாவிட்டால் உங்கள் அறிக்கையில் அவர்கள் அந்த ஆஸ்பத்திரிக்கு வந்ததாகவே இருக்காது.

திறந்த கேள்வியின் பதில்களை உட்கார்ந்து முழுதாக வாசியுங்கள். ஒரே மாதிரியானவற்றைக் கூட்டிவைத்தால், ஐந்தாறு கட்டுகளில் முக்கால்வாசி அடங்கிவிடும். ஊழியர் பெயரோ அடையாளமோ இருந்தால், குறையாக இருந்தால் நீக்கிவிடுங்கள். பாராட்டாக இருந்தால் அந்த ஊழியரிடமே கொண்டுபோய்க் காட்டுங்கள். இரவு டூட்டியில் நாற்பது பேரைத் தனியாகப் பார்த்த ஒரு சிஸ்டருக்கு "அவங்க இல்லன்னா நான் இல்ல" என்ற வரி போய்ச் சேர வேண்டும். ஆய்வு செய்பவர்கள் மறந்துவிடுகிற வேலை இது.

வார்டுக்குத் திருப்பிக் கொண்டுபோவது

அறிக்கை ஐம்பது பக்கம் இருக்கலாம், கல்லூரிக்கு அது தேவை. வார்டுக்கு ஒரு பக்கம் போதும். அதில் மூன்று பகுதி வையுங்கள். முதலாவது, வார்டே இந்த வாரம் செய்யக்கூடியது: தாழ்ப்பாள், ஃபேன், மாத்திரைக் கவரில் சூரியன், நிலா படம் போட்டுக் காலை, இரவைக் காட்டுவது, டிஸ்சார்ஜ் நேரத்தில் மாத்திரையைத் திருப்பிச் சொல்லச் சொல்வது. இரண்டாவது, கண்காணிப்பாளர் செய்ய வேண்டியது: இரவு டூட்டிப் பட்டியல், வழிகாட்டிப் பலகை, ஸ்கேன் காத்திருப்பு. மூன்றாவது, அரசு செய்ய வேண்டியது: காலிப் பணியிடம், புதுக் கட்டடம். மூன்றாவதை முதலில் எழுதினால், ஆள் போட்டால்தான் எல்லாம் சரியாகும் என்று சொல்லி மற்ற இரண்டையும் எல்லாரும் ஒத்திவைத்துவிடுவார்கள்.

ஒவ்வொன்றுக்கும் எதிரே யார் செய்வது, எந்தத் தேதிக்குள் என்று, முடிவைக் காட்டும் கூட்டத்திலேயே எழுதிவாங்குங்கள். "சம்பந்தப்பட்டவர்கள் நடவடிக்கை எடுப்பார்கள்" என்று எழுதினால் ஒருவரும் எடுக்க மாட்டார்கள். ஊழியர்கள் பக்கத்தையும் கேளுங்கள்: கூப்பிட்டால் வருவதில்லை என்று நோயாளிகள் சொல்லும் அதே வார்டில் அழைப்பு மணியே வேலை செய்யாமல் இருக்கலாம்.

மூன்று மாதம் கழித்து அதே கேள்விகளோடு, அதே இடத்தில், அதே முறையில் ஆள் தேர்ந்தெடுத்து மறுபடி கேளுங்கள். கேள்வியை அழகுபடுத்துகிறேன் என்று ஒரு வார்த்தையையும் மாற்றாதீர்கள். மாற்றினால் பழைய எண்ணோடு ஒப்பிட முடியாது. புதிதாக ஏதாவது கேட்க வேண்டியிருந்தால் கடைசியில் சேருங்கள். நீங்கள் படிப்பு முடிந்தோ மாற்றலாகியோ போகிறீர்கள் என்றால் கேள்வித்தாள், ஆள் தேர்ந்தெடுத்த முறை, எக்ஸெல் ஃபைல் மூன்றையும் ஒரே கவரில் போட்டு வார்டு சிஸ்டரிடம் கையெழுத்து வாங்கிக் கொடுத்துவிட்டுப் போங்கள்.